ஏழாவது தடவை சொல்கிற ‘கிடையாது’

கேள்வி: அக்கா, எங்களுக்கு முக்கூடல் பக்கம். மகனுக்கு ஆறு வயது, ஊர் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மகளுக்கு மூன்று. வீட்டுக்காரர் சென்னையில் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவார். நான் வீட்டிலிருந்து பீடி சுற்றுகிறேன். மாமியார் எங்களோடு இருக்கிறார். பையன் சொன்ன பேச்சைக் கேட்பதே இல்லை. கடைக்குக் கூட்டிப்போனால் கேட்டதை வாங்கிக் கொடுக்கும் வரை தரையில் கிடந்து புரளுகிறான். போனைக் காட்டாமல் ஒரு வாய் இறங்காது. தங்கச்சியைக் கிள்ளி வைக்கிறான். தூங்க ராத்திரி பதினொரு மணி ஆகிறது. போலீஸில் பிடித்துக் கொடுப்பேன், அப்பா வரட்டும் என்றெல்லாம் மிரட்டியாயிற்று. ஈர்க்குச்சியால் நாலு போட்டால் ஒரு மணி நேரம் அடங்குவான், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான். நான் கண்டித்தால் மாமியார் தூக்கி வைத்துக்கொள்கிறார். டீச்சர் மட்டும் ‘நல்ல பிள்ளையாத்தான இருக்கான்’ என்கிறார். பள்ளிவாசலில் மந்திரித்தும் பார்த்துவிட்டோம். இவனுக்கு ஏதாவது கோளாறா? டாக்டரிடம் காட்ட வேண்டுமா? தூங்கும்போது அவன் காலில் இருக்கிற தடத்தைப் பார்த்து நானே அழுகிறேன்.
பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கடைவாசலில் புரளுவதையும் கிள்ளுவதையும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். டீச்சர் சொன்னதை மட்டும் போகிற போக்கில் ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் பட்டது. அதனால் உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

கோளாறா என்றால், நீங்கள் எழுதியிருக்கிற வரைக்கும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போதெல்லாம் பிள்ளை கொஞ்சம் துறுதுறுவென்று இருந்தாலே ‘ஏ.டி.எச்.டி.யா இருக்குமோ’ (கவனம் நிற்காமல், அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கிற கோளாறு) என்று போனில் தேடிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அந்தப் பெயரைச் சொல்வதற்கு மனநல மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தக் குணங்கள் ஆறு மாதமாவது விடாமல் இருக்க வேண்டும். அதுவும் வீட்டில் மட்டும் இருந்தால் போதாது, பள்ளிக்கூடம் மாதிரி இன்னொரு இடத்திலும் இருக்க வேண்டும். வீட்டில் புலி, பள்ளிக்கூடத்தில் பூனை என்றால் அந்தக் கணக்கில் வராது. (நான் டாக்டர் இல்லை, குழந்தைகளுக்கான மனநல ஆலோசகர். ஊசி மருந்து என் கையில் கிடையாது. எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.)

சரி, அதே பிள்ளை பள்ளிக்கூடத்தில் மட்டும் எப்படிச் சமர்த்தாக இருக்கிறான்? டீச்சர் கையில் பிரம்பு கிடையாது. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனசு நோகப் பண்ணுவதையும் தடை செய்திருக்கிறது. ஆக, ‘அடிக்காமல் இவன் கேட்க மாட்டான்’ என்ற பேச்சை உங்கள் பையனே தினமும் பொய்யாக்கிக்கொண்டிருக்கிறான். அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் போனதும் சாப்பாடு, உப்புமாவோ பொங்கலோ எல்லோரும் வரிசையாக உட்கார்ந்துதான். மணி அடித்தால் வகுப்புக்குள். பை வைக்க ஓர் இடம், செருப்பு விட ஓர் இடம். நேற்றும் அப்படி, இன்றைக்கும் அப்படி. அழுது புரண்டாலும் அந்த மணி மாறாது என்று முதல் சில வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிருக்கும்.

உங்கள் வீட்டில் மணி மாறுகிறது. அழுதால் மாறும், ஆச்சி பக்கத்தில் இருந்தால் மாறும், பீடி கொடுக்கப் போகிற அவசரத்தில் மாறும். எப்போதெல்லாம் மாறும் என்று அவன் நன்றாகப் படித்து வைத்திருக்கிறான். படிப்பில் கெட்டிக்காரன்தான், சந்தேகமே வேண்டாம்.

கடையில் நடப்பதை நான் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள். சீனியும் தீப்பெட்டியும் வாங்கப் போகிறீர்கள். மேலே சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டைக் காட்டி ‘ம்மா, அது’ என்கிறான். ‘கிடையாது.’ ‘ஒண்ணே ஒண்ணும்மா.’ ‘கிடையாதுன்னா கிடையாது.’ சேலையைப் பிடித்து இழுக்கிறான். ‘வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு.’ தரையில் உட்காருகிறான். ‘ஏல, எந்திரி, எல்லாரும் பாக்காங்க.’ படுத்துவிடுகிறான். அதற்குள் கடையில் நாலு பேர் சேர்ந்துவிடுவார்கள். ஒரு பெரியம்மா ‘பிள்ளைய ஏந்தாயி அழ வைக்க, அஞ்சு ரூவாதான’ என்பார். கடைக்கார அண்ணாச்சியே மனசு கேட்காமல் சரத்திலிருந்து ஒன்றைப் பிய்த்து ‘இந்தாடே, அழாத’ என்று நீட்டுவார். காசை உங்கள் கணக்கில் எழுதிவிடுவார், அது வேறு விஷயம். ஆறு தடவை கிடையாது என்றீர்கள். ஏழாவது தடவை கிடைத்துவிட்டது.

அம்மா கிடையாது என்றால் இன்னும் ஆறு படி ஏறணும் என்று பையன் எடுத்துக்கொள்கிறான். நாளைக்கு நீங்கள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்பது தடவை தாங்கிவிட்டுப் பத்தாவதில் கொடுத்தால், அவன் பத்து படி ஏறப் பழகுவான். கொடுப்பதென்றால் அவன் கேட்ட முதல் வாயிலேயே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுவது எவ்வளவோ மேல்.

தினமும் கொடுத்தால்கூட இவ்வளவு பிடிவாதம் வராது. ஒரு நாள் கிடைத்து, மூன்று நாள் கிடைக்காமல், மறுபடி திடீரென்று ஒரு நாள் கிடைக்கிறதே, அதுதான் பிடிவாதத்துக்கு உரம். அமெரிக்காவில் பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டியிருக்கிறார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிட்டது. எப்போதாவது மட்டும் கிடைத்துப் பழகிய புறா விடாமல் கொத்திக்கொண்டே இருந்தது. புறா எதற்கு, 2003-ல் தடை வருகிற வரைக்கும் நம் ஊரில் லாட்டரிச் சீட்டு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோமே. என்றைக்கோ நூறு ரூபாய் விழுந்ததை நினைத்துக்கொண்டு வருஷம் முழுக்க வாங்கினார்கள். உங்கள் மகனுக்கு அந்த ஐந்து ரூபாய் பாக்கெட் அப்படி ஒரு சீட்டு.

இதைச் சொல்கிற நானும் தப்பியவள் இல்லை. என் மகனுக்கு நாலு வயதில் நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ரதவீதியில் ஒரு நீளப் பலூனைக் கேட்டான். வேண்டாம் என்றேன். தேர் நகர்கிற நேரம், வடம் பிடிக்கிற கூட்டம் ஒரு பக்கம், இவன் கத்தல் ஒரு பக்கம். போதாக்குறைக்கு என்னிடம் ஆலோசனைக்கு வருகிற ஒரு குடும்பம் பக்கத்தில் நின்றது. வாங்கிக் கொடுத்துவிட்டேன். முந்தின வாரம்தான் அந்த அம்மாவிடம் ‘சொன்னா சொன்னபடி இருக்கணும்’ என்று பாடம் எடுத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச காலம் பலூன்காரர் நிற்கிற பக்கம் அவனைக் கூட்டிப்போகவே பயமாக இருந்தது.

இப்போது உங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நீங்கள் பாக்கெட்டைக் கொடுத்ததும் அழுகை நிற்கிறது. உங்களுக்கு ‘அப்பாடா’ என்று இருக்கிறது. அந்த ‘அப்பாடா’ உங்களுக்குக் கிடைக்கிற மிட்டாய். ஈர்க்குச்சியும் அப்படித்தான்: நாலு அடி போட்டதும் ஒரு மணி நேரம் வீடு அமைதியாகிறது, அதனால் அடுத்த தடவை கை தானாக விளக்குமாற்றுப் பக்கம் போகிறது. அமெரிக்காவில் ஒரிகனில் ஜெரால்டு பாட்டர்சன் என்பவர் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பார்த்து இந்தச் சுழலை விளக்கினார். பிள்ளை பெற்றோரைப் பழக்குகிறது, பெற்றோர் பிள்ளையைப் பழக்குகிறார்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் ஏறுகிறது. ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்று யாராவது சொன்னால், அந்த உதவி எத்தனை மணிக்கு முடிந்துபோகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என்ன செய்வது? முதலில் கண்டிப்பைக் குறையுங்கள். ஆமாம், குறைக்கத்தான் சொல்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை ‘கூடாது’ சொல்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மண்ணில் விளையாடாதே, சத்தம் போடாதே, சட்டையை அழுக்காக்காதே, தண்ணியில் கை வைக்காதே. இத்தனையையும் காவல் காக்க ஒரு ஆளால் ஆகாது. அதனால் மூன்றை மட்டும் வைத்துக்கொள்வோம். தங்கச்சியை அடிக்கவோ கிள்ளவோ கூடாது. சாப்பிடும்போது போன் கிடையாது. கடையில் சொல்லிவைத்ததைத் தவிர வேறு கிடையாது. மற்றதெல்லாம் இப்போதைக்குப் போகட்டும். சட்டை அழுக்கானால் துவைத்துக்கொள்ளலாம்.

கடைக்குக் கிளம்பும் முன் வாசலில் அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்: ‘இன்னைக்கு சீனியும் தீப்பெட்டியும்தான். முட்டாய் சனிக்கிழமை. அன்னைக்கு நீயே எடுத்துக்கிடலாம். இப்ப என்ன வாங்கப் போறோம், சொல்லு பாப்போம்.’ அவன் வாயால் ஒரு தடவை வரட்டும். கடையில் கேட்டால் ஒரே ஒரு தடவை ‘சனிக்கிழமை’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம், மிரட்டல், கெஞ்சல் எதுவும் வேண்டாம். விழுந்து புரண்டால் பக்கத்திலேயே நில்லுங்கள். கோபமாக முறைக்கவும் வேண்டாம், பாவமாகப் பார்க்கவும் வேண்டாம். சீனியை வாங்கிப் பையில் போடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். வீட்டுக்கு வந்தபின் அதைப் பற்றி ஒரு பேச்சும் கூடாது. சனிக்கிழமை வந்ததும், வாரம் முழுக்க அவன் என்ன செய்திருந்தாலும் அந்த மிட்டாயைக் கண்டிப்பாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். ‘நீ நேத்து தங்கச்சியக் கிள்ளுன, அதனால கிடையாது’ என்று அதில் கை வைத்தீர்களோ, அம்மா சொல்கிற ‘உண்டு’வையும் நம்ப முடியாது என்று போய்விடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலாவது நாள் என்னைத் திட்டுவீர்கள். முதலில் கொஞ்ச நாளைக்கு அழுகை கூடும், பழைய புரளலைவிட இரண்டு மடங்கு புரளுவான். ஏழு படியில் கிடைத்தது இப்போது கிடைக்கவில்லையே என்று எட்டு, ஒன்பது, பத்து என்று ஏறிப் பார்ப்பான். அந்த இடத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் ‘அக்கா சொன்னது நம்ம பிள்ளைக்குச் சரிப்படாது’ என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே விட்டால் பத்துப் படிக்கான பரிசு கொடுத்ததாக ஆகிவிடும். உங்களால் அந்தக் கொஞ்ச நாளைத் தாங்க முடியாது என்று தோன்றினால் இப்போதைக்கு அவனைக் கடைக்கே கூட்டிப்போகாதீர்கள். அது தோல்வி இல்லை.

அடுத்து, பீடித் தட்டு. எங்கள் சித்தி பீடி சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான், அதனால் சொல்கிறேன். தட்டை மடியில் வைத்துவிட்டால் கண் இலையில்தான் இருக்கும். தூளை வைத்துச் சுருட்ட, நூலைக் கட்ட, தலையை மடக்க என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கும், நிமிர்ந்தால் எண்ணிக்கை குறையும். பையன் முக்கால் மணி நேரம் தங்கச்சியோடு தீப்பெட்டியை அடுக்கி பஸ் ஓட்டி விளையாடியிருப்பான். நீங்கள் நிமிரவில்லை. அமைதியாக இருக்கிறானே, இருக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். அப்புறம் ஒரு கிள்ளு. தங்கச்சி வீல் என்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து ஓடுகிறீர்கள். அம்மாவைத் தட்டிலிருந்து எழுப்ப என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்கு நீங்களே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. திட்டு விழுந்தாலும் அம்மாவின் முகம் கிடைக்கிறது அல்லவா.

வேலையை விட்டுவிட்டு அவனோடு விளையாடுங்கள் என்று சொன்னால் நான் சோறு போடப் போவதில்லை. ஒரு கட்டு கட்டி முடிக்கிறபோதெல்லாம் தலையை நிமிர்த்தி, அவன் அந்த நேரத்தில் செய்துகொண்டிருக்கிற ஏதாவது நல்லதை ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ‘சூப்பர்’, ‘குட் பாய்’ எல்லாம் வேண்டாம், அது எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்வது. ‘தங்கச்சிக்கு முன் சீட்டக் குடுத்துட்டியே’, ‘பஸ்ஸு பாவநாசம் போதா, அம்பாசமுத்திரம் போதா?’ இப்படி. பத்து விநாடிதான் ஆகும். இது தவிர, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தட்டில் உட்காருவதற்கு முன் பத்தே பத்து நிமிஷம் அவனோடு மட்டும் இருங்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் கேள்வி கேட்கக் கூடாது, வீட்டுப்பாடம் பேசக் கூடாது, அவன் சொல்கிற விளையாட்டுதான். மகளை அந்த நேரம் ஆச்சி வைத்துக்கொள்ளட்டும். (சொல்ல வந்தது வேறு, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: புகையிலைத் தூள் இருக்கிற இடத்தில் பிள்ளைகளுக்குப் பாய் விரிக்காதீர்கள், அந்தத் தூசி அவர்கள் நெஞ்சுக்கு ஆகாது. தட்டை மூடி வைத்து, கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்.)

கிள்ளிவிட்டால் முதலில் மகளிடம் போங்கள். அவளைத் தூக்கி, தடவிக் கொடுத்து, அதற்கப்புறம் அவனிடம் ‘கிள்ளக் கூடாது’ என்று இரண்டே வார்த்தை. திண்ணையில் உங்கள் கண் பார்வையில் ஐந்து நிமிஷம் உட்காரட்டும். அறையில் போட்டுப் பூட்டுவது, இருட்டில் நிறுத்துவது எல்லாம் கூடவே கூடாது. ஐந்து நிமிஷம் முடிந்தால் கதையும் முடிந்தது. ஒவ்வொரு தடவையும் இதே ஐந்து நிமிஷம், உங்களுக்குக் கோபம் அதிகமாக இருக்கிற நாளிலும் ஐந்துதான், நல்ல மனநிலையில் இருக்கிற நாளிலும் ஐந்துதான்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் அவர் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள், ஆனால் ஆச்சியிடம் செல்லம் கொடுக்காதே என்பது நடக்காத காரியம். நடக்கவும் வேண்டாம். பிள்ளைக்கு அடி விழும்போது ஓடிப்போய் ஒளிய ஒரு மடி இருந்திருக்கிறதே, அதற்கு நான் ஆச்சியை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். அடி நின்றால் அவர் தூக்க வேண்டிய வேலை பாதி குறைந்துவிடும். மீதிப் பாதிக்கு, சண்டை நடக்கிற நேரத்தில் பேசாதீர்கள். சாயங்காலம் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசுங்கள். ‘அத்தை, நீங்க குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. சனிக்கிழமை முட்டாய உங்க கையாலயே வாங்கிக் குடுங்க. மத்த நாள் கேட்டா, ஆச்சி சனிக்கிழமை தாரேன்னு மட்டும் சொல்லிருங்க.’ மூன்று விதியையும் அவரிடம் சொல்லி, நாலாவதாக ஒன்று அவர் வைக்க விரும்பினால் வைக்கட்டும். ‘இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான்’ என்று ஆரம்பித்தால் கேட்டுக்கொள்ளுங்கள், அதிலும் உங்களுக்கு உபயோகமான சங்கதி இருக்கும்.

அந்த அப்பாவைப் பற்றி. ‘அப்பா வரட்டும்’ என்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு இரண்டு நாள் வருகிற மனுஷர், அந்த இரண்டு நாளும் நீதிபதியாக உட்காரவா வருகிறார்? பிள்ளையும் அப்பா வருகிறார் என்று சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியாமல் நிற்பான். இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. சென்னையில் கடை அடைத்துக் கணக்கு முடித்து அவர் போன் பண்ண ராத்திரி பத்தரை ஆகுமே, பையன் பதினொரு மணி வரை முழித்திருப்பது அந்த போனுக்காகத்தானோ? அப்படியென்றால் கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு நிமிஷம் வாட்ஸ்அப்பில் பேசிப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். படுக்கும்போது அதைப் போட்டுக் காட்டலாம். நீங்களும் அவரிடம் தினமும் பிள்ளை செய்த நல்லது ஒன்றை, அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். ‘கேட்டா வாங்கிக் குடுத்துரு, பிள்ளைய அழ வைக்காத’ என்று அவர் அங்கிருந்து சொல்லக்கூடியவர் என்றால், சனிக்கிழமைக் கணக்கை அவருக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

போலீஸ் மிரட்டலும் வேண்டாம். தேர் கூட்டத்தில் பிள்ளை கை தவறிப்போனால் அவன் யாரிடம் போய் நிற்க வேண்டும்? அங்கே நிற்கிற போலீஸ்காரரிடம்தான். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி நடந்தால் அவரைக் கண்டு ஓடி ஒளிவான்.

தூக்கத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும், மூன்று வயது மகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13. பதினொரு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுப்பினால் எட்டுதான் தேறும். தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து உட்காருவோம், பிள்ளைகளோ அதற்கு நேர்மாறாக ஆட்டம் போடுவார்கள், சின்ன விஷயத்துக்கும் உடைவார்கள். ஒரே நாளில் ஒன்பதரைக்குக் கொண்டுவர முடியாது. மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். சாப்பாடு, முகம் கழுவுவது, அப்பாவின் குரல், ஆச்சியின் கதை, விளக்கு அணைப்பது. இந்த வரிசை மாறவே கூடாது. ஆச்சிக்கு அந்த நேரத்தில் சீரியல் இருந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள், அதை நீங்களும் அவருமாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

போனைச் சாப்பாட்டிலிருந்து பிரிப்பதை ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் தொடங்குங்கள். இரண்டு மூன்று நாள் கால் வயிறுதான் சாப்பிடுவான். நல்லா இருக்கிற பிள்ளை பசியில் தன்னைக் காயப்போடாது, மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் கூட ஒரு கரண்டி கேட்பான். தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அப்பளம் பொரித்தால் அதை எல்லோருக்கும் வைக்கிற வேலையை அவனிடம் கொடுங்கள். நீங்களும் உடன் உட்கார்ந்து சாப்பிட்டால் பாதி வேலை முடிந்தது, ஆனால் உங்கள் போனும் அப்போது அலமாரியில் இருக்க வேண்டும். போனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் இரண்டு கார்ட்டூன் என்று எண்ணிக்கையில் சொல்லுங்கள், அரை மணி நேரம் என்றால் ஆறு வயதுக்குப் புரியாது. மகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, குறைந்தால் இன்னும் நல்லது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்? இதே சேட்டை பள்ளிக்கூடத்திலும் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்தால், கூப்பிட்டால் திரும்பாமல் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்தால், பேச்சு வயதுக்குத் தக்கபடி இல்லாவிட்டால், தூக்கத்தில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறினால், கோபத்தில் தலையைச் சுவரில் முட்டித் தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், தாமதிக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவும் மனநலப் பிரிவும் இருக்கின்றன. முதலில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். மந்திரித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அங்கே கூட்டிப்போன வழியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பீர்கள், அதுவே நல்லதுதான்.

அந்தத் தடம். நீங்கள் கொடுமைக்காரி இல்லை, இரண்டு பிள்ளைகளையும் பீடி எண்ணிக்கையையும் ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருக்கிற அம்மா. ஆனாலும் அடி நிற்க வேண்டும். ஈர்க்குச்சியைக் கையில் எடுக்கத் தோன்றுகிற நேரம் பெரும்பாலும் ஒரே நேரமாகத்தான் இருக்கும், அநேகமாகக் கடைக்குப் பீடி கொடுக்கப் போகிறதற்கு முன்னால். அந்த நேரம் எது என்று கண்டுபிடித்து, அந்த அரை மணி நேரம் மட்டும் பிள்ளைகளை ஆச்சியிடமோ பக்கத்து வீட்டு மதினியிடமோ விட்டுவிடுங்கள். மீறி ஒருநாள் அடித்துவிட்டால், அவன் தூங்கினபின் அழாமல், முழித்திருக்கும்போதே ‘அம்மா அடிச்சது தப்புதான்’ என்று சொல்லுங்கள். அம்மாவின் மதிப்பு அதனால் குறையாது. தப்புச் செய்தால் எப்படி ஒத்துக்கொள்வது என்று அவனும் பார்த்துக்கொள்வான். அழுகை பல ராத்திரி தொடர்ந்தால், எதிலும் மனசு ஒட்டாமல் போனால், 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள், அது அரசின் மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம், பெயர் சொல்ல மனமில்லாவிட்டாலும் பேசலாம்.

நாளைக்குச் செய்ய ஒரே ஒரு வேலை சொல்கிறேன். பையன் பள்ளிக்கூடம் போனபின் நீங்கள் மட்டும் கடைக்குப் போங்கள். ‘அண்ணாச்சி, இனிமே இவன் என்ன அழுதாலும் சனிக்கிழமை தவிர ஒண்ணும் குடுக்காதீங்க, நான் கோவிச்சுக்கிட மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் சிரிப்பார். ஆனால் சொன்னபடி நடந்துகொள்வார். ஒரு மாதம் கழித்து எத்தனை படி ஏறினான் என்று எனக்கு எழுதுங்கள்.